பேத்திக்கு வெடித்த தோட்டா

என் வீட்டுக்காரர் இறந்து கருமாதி முடிந்த மறுநாள் காவல்நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர்கள் துப்பாக்கிகளை எடுத்துப்போக வந்தவர்கள். உரிமம் அவர் பெயரில் இருந்தது. ஆள் போனதும் அதுவும் போய்விட்டதாம். கையோடு சாக்கு கொண்டுவந்திருந்தார்கள். சாக்கில் சுற்றக் கூடாது என்று சொல்லி அவருடைய வெளுத்த வேட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். அதில் சுற்றித்தான் எங்கள் வீட்டுத் துப்பாக்கிகள் மூன்றும் வாசலைத் தாண்டின. பிறகு மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் பத்திரமாக வைக்க ஏற்பாடு செய்தோம். வாரிசு ஒருவர் வந்து தன் பெயருக்கு உரிமம் வாங்கினால் திருப்பித் தருவார்கள். யாரும் வராவிட்டால் அரசாங்கத்தில் சேர்த்துவிடுவார்கள். அரசாங்கத்தில் சேர்த்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். உருக்கிவிடுவார்கள் என்றார் கடைக்காரர்.

கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரம் எங்கள் ஊர். கடலை போட்டாலும் மொச்சை போட்டாலும் பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்றிக்கு. அதனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே எங்கள் வீட்டுக்கு உரிமம் கொடுத்திருந்தார்கள். வாய் வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி என் மாமனாரின் தகப்பனார் வைத்திருந்தது. ஒற்றைக்குழல் மாமனார் வாங்கியது. இரட்டைக்குழல் என் வீட்டுக்காரர் வாங்கியது. ஊரில் எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வீடு என்றுதான் பெயர். பேருந்தில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் போதும், இறக்கிவிடுவார்கள். நான் துப்பாக்கிக்காரர் சம்சாரம். பன்றி இறங்கிவிட்டது என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்து எங்கள் வாசலில் நிற்கும். கோயில் தேர் நிலையை விட்டு நகர வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வெடி கேட்க வேண்டும்.

நான் மருமகளாக வந்தபோது மாமியார் என் கையில் முதலில் கொடுத்தது கரண்டியை இல்லை, குழல் துடைக்கிற கம்பியை. சுடுவது ஆண்கள், சுத்தம் செய்வது பெண்கள் என்பது அந்த வீட்டு முறை. அமாவாசைக்கு அமாவாசை மூன்றையும் கழற்றி, கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்து, எண்ணெய் போட்டு, கட்டையைத் துடைத்து வைப்பேன். கருமருந்துப் புகை வாடை தலைமுடியில் ஏறினால் சீயக்காய்க்கும் போகாது. அவர் எத்தனை பன்றி சுட்டார் என்று ஊர் பேசும். குழலில் ஒரு நாளும் துரு ஏறவில்லை என்று யாரும் பேசியதில்லை. பேசாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும்.

இன்னொரு முறையும் இருந்தது. வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி. கடையில் விற்கிற தோட்டா உடம்பு காகிதம், அடி மட்டும் பித்தளை. பிறப்புக்கு அது ஆகாது. முழுப் பித்தளையில் பழைய தோட்டாக்கள் கொஞ்சம் வீட்டில் இருந்தன. அதில் வீட்டிலேயே மருந்து கெட்டித்துச் சுடுவார்கள். சுட்டபின் காலித் தோட்டாவை மஞ்சள் நீரில் கழுவி வைப்பார்கள். குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதற்குள் போட்டு, வாயை மலைத்தேன் மெழுகால் அடைத்து, சாமி மாடத்தில் வைப்போம். மற்ற வீடுகளில் தாயத்து கட்டுவார்கள். எங்கள் வீட்டில் தோட்டா. என் மகன்கள் இருவருடையதும் மாடத்தில் இருந்தன.

பெரியவனுக்குக் கல்யாணம் ஆன வருடம் ஆயுதபூஜையன்று, மூன்று துப்பாக்கிக்கும் சந்தனம் வைத்து இலையில் கிடத்தியிருந்தபோது, அவர் பிரித்துச் சொல்லிவிட்டார். இரட்டைக்குழல் பெரியவனுக்கு. ஒற்றைக்குழல் சின்னவனுக்கு. நாட்டுத் துப்பாக்கி முதல் பேரப்பிள்ளைக்கு. இருவரும் சரிய்யா என்று தொட்டுக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு பெரியவன் ஷார்ஜாவுக்குப் போனான். அவன் பின்னாலேயே சின்னவன் பஹ்ரைனுக்குப் போனான்.

ஷார்ஜாவில் பெரியவன் மனைவிக்குப் பிரசவம் என்றதும் இவர் காலையிலேயே தோட்டா கெட்டித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். போன் வந்தது. பெண் குழந்தை. பங்காளிகள் எல்லாம், சரி, கழற்றி வையுங்கள், பெண்ணுக்கு வெடிக்கிற முறை இல்லை என்றார்கள்.

“கெட்டிச்சதக் கழட்டுற பழக்கம் எனக்கு இல்லப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து சுட்டார். வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. அந்தக் காலித் தோட்டாவைக் கழுவி, மருமகளுக்குப் போன் போட்டு, கொடி விழுந்தால் எறிந்துவிடாதே, எடுத்து வை என்றார். பிள்ளையைக் கொண்டுவரும்போது போட்டு அடைக்கலாம் என்று தோட்டாவை மாடத்தில் வைத்தார். பிள்ளை வந்தது. கொடியை எடுத்துவர மறந்துவிட்டார்கள். அடுத்த விடுமுறை என்றார்கள். அவருக்கு அடுத்த விடுமுறை வரவில்லை.

அவர் காரியத்துக்கு வந்த மகன்கள், உரிம விஷயத்தை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த லீவில் மாமனார் வீடு, கோயில், சென்னையில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த லீவில் வீடு கட்ட இடம் பார்த்தான் பெரியவன். என் பெயருக்கே மாற்றுங்கள் என்று நான் கலெக்டர் ஆபீஸில் போய் நின்றேன். கண்ணில் புரை இருக்கிறது, வயதாகிவிட்டது, மகன்கள் இருக்கும்போது உங்களுக்கு எதற்கம்மா என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். தைக்குள் வாரிசு வராவிட்டால் எங்களால் வைத்துக்கொள்ள முடியாது என்று துப்பாக்கிக் கடையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

இனிமேல் போனில் பேசி ஆகாது என்று தெரிந்தது. நானே போய்ப் பெரியவனைக் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று கிளம்பினேன். விசிட் விசா அனுப்பு என்றேன். அவனுக்குச் சந்தோஷம்; அம்மா ஊர் பார்க்க வருகிறாள் என்று நினைத்தான். போகிறபோது பேத்தியின் தோட்டாவையும் மாடத்திலிருந்து எடுத்து ரவிக்கைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். கொடியை அங்கேயே போட்டு அடைத்து எடுத்துவரலாம் அல்லவா. அதில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. கழுவி வைத்த பித்தளை. அதைக் கொண்டுபோனது தப்பு என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். நான் இன்றைக்கும் அப்படிச் சொல்லமாட்டேன்.

விமானத்தில் ஏறின இடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கின இடத்தில், மகன் ஏற்பாட்டின்படி, நடக்கத் தெரிந்த என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒரு மலையாளப் பெண் தள்ளிக்கொண்டு போனாள். வெளியே போகிற வழியில் பைகளை ஒரு பெட்டிக்குள் விட்டு எடுத்தார்கள். என் பை மட்டும் நின்றது. ஓர் அதிகாரி துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஊறுகாய், முறுக்கு, கடலை மிட்டாய், கடைசியில் ரவிக்கைத் துணி. பிரித்ததும் அவர் முகம் மாறியது. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். என்னை ஓர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மரியாதைக் குறைவாக யாரும் நடக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். அரபியில் கேட்டதை அங்கிருந்த மலையாளத்துக் குமாஸ்தா எனக்குப் புரிகிற மாதிரி கேட்டார். இது என்ன, எங்கிருந்து வந்தது, எதற்குக் கொண்டுவந்தீர்கள். நான் எல்லாம் சொன்னேன். பிறப்புக்கு வெடிப்பது, கொடி போடுவது, மெழுகு வைப்பது, எதையும் விடவில்லை. அந்தக் குமாஸ்தா பாதி வரைக்கும் அரபியில் சொல்லிக்கொண்டு வந்தவர், தொப்புள்கொடி வந்ததும் நிறுத்திவிட்டார். அதை அரபியில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லையோ, சொல்ல வெட்கமோ.

வெளியே காத்திருந்த பெரியவனை உள்ளே கூப்பிட்டார்கள். வேலை உடுப்போடு வந்திருந்தான். தொழில்பேட்டையில் ஒரு கேரேஜில் அவன் ஃபோர்மேன். மேசையில் இருந்த தோட்டாவைப் பார்த்தான். அடையாளம் தெரியாமல் இருக்குமா? அவனுடையதற்குப் பக்கத்திலேயே மாடத்தில் இருந்தது அது. என்னைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவிடம் இந்தியில் என்னவோ சொன்னான். சொல்லிக்கொண்டே வலது கை விரலை நெற்றிப்பொட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். குமாஸ்தா அதை அரபியில் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எங்கள் ஊருக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. குமுளிச் சந்தையில் நான் காய் விற்றவள். மலையாளம் எனக்குப் பேசவராது, கேட்டால் புரியும். குமாஸ்தா திரும்பி, நாற்காலி தள்ளிய பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“பாவம், அம்மைக்கு தலைக்கு சுகமில்லா. வீட்டில் தோக்கொன்னும் இல்லாந்நு மகன் பறஞ்ஞு.”

அம்மாவுக்குத் தலை சரியில்லை. வீட்டில் துப்பாக்கியே கிடையாது என்று மகன் சொன்னான். அந்தப் பெண் என் தோளில் கை வைத்தாள். நான் அந்தக் கையை எடுத்துவிட்டேன்.

மகன் ஏதோ கையெழுத்துப் போட்டான். தோட்டாவை அவர்களே வைத்துக்கொண்டார்கள். எங்களை விட்டுவிட்டார்கள்.

காரில் ஏறினோம். பிறகு நான் கேட்டேன். “நம்ம வீட்ல துப்பாக்கியே இல்லன்டு சொன்னியாப்பா?”

“பின்ன என்னம்மா சொல்லச் சொல்ற? மூணு இருக்கு, அமாவாசைக்கு அமாவாசை எங்கம்மாதான் எண்ணெய் போடும்ன்டு சொல்லவா? இது கஃபீல் காதுக்குப் போனா கலாஸ். விசாவக் கேன்சல் அடிச்சுப் பெட்டியக் கட்டச் சொல்லிருவான்.”

“எனக்குக் கிறுக்குன்டு சொன்னது?”

“அப்படிச் சொன்னாத்தான் விடுவாங்ஙெ. சும்மா இரும்மா. வந்த அன்னைக்கே.”

கலாஸ் என்றால் முடிந்தது. கஃபீல் என்றால் இவனுக்கு அங்கே பொறுப்பாளியான அரபி முதலாளி. அவர் ஒரு சொல் சொன்னால் இவன் ஊருக்கு வர வேண்டியதுதான். அந்தப் பயம் பொய்யான பயம் இல்லை. அதை நான் புரிந்துகொள்ளாதவளும் இல்லை. ஆனால் இல்லை என்ற சொல் அவன் வாயில் உடனே வந்துவிட்டது. ஒரு நொடி யோசித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வீட்டில் மருமகள் பேயறைந்த மாதிரி நின்றாள். இவளைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருந்ததில்லை. மதுரை டவுனில் வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் ஆயுதபூஜைக்கு வந்து, துப்பாக்கி இருக்கிற அறையில் படுக்கமாட்டேன் என்று மாடியில் போய்ப் படுத்தவள். நான் குளித்துவிட்டு வந்து, பேத்தியின் கொடி இருக்கிறதா, இல்லை அதையும் இல்லை என்றுதான் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டேன். அவள் அலமாரியைத் திறந்து, நகைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவை எடுத்துவந்தாள். உள்ளே பஞ்சில் கருத்துச் சுருண்டு கிடந்தது.

“மாமா போன்ல சொன்னாங்க அத்தை. ஊருக்கு வர்றப்பல்லாம் எடுத்து வைக்கணும்ன்டு நெனப்பேன். லக்கேஜ் கட்டுற அவசரத்துல மறந்துரும்.”

கொடி இருந்தது. தோட்டா போய்விட்டது. அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு உரிமப் பேச்சை எடுத்தாலே பெரியவனுக்கு முகம் சிவந்துவிடும். நான் விடவில்லை. காலையில் அவன் ஷூ மாட்டும்போது கேட்பேன். சாப்பிட உட்காரும்போது கேட்பேன். ஒரு தடவை ஊருக்கு வா, கையெழுத்துப் போடு, துப்பாக்கி கடையிலேயே இருக்கட்டும், உன் பெயரில் இருந்தால் போதும் என்றேன். அவன் முடிவாகச் சொல்லிவிட்டான். ஏர்போர்ட்டில் ஏற்கெனவே இவன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். இனி ஊரில் துப்பாக்கி லைசன்ஸும் இவன் பெயரில் இருந்தால், எங்கே போனாலும் பையைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது அவன் கணக்கு. நான் எதற்காக வந்தேனோ அது நான் கொண்டுவந்த தோட்டாவாலேயே கெட்டது என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தானாம். தோட்டா பிடிபடுவதற்கு முந்தின இரண்டு லீவில் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று அவளும் கேட்கவில்லை.

சின்னவனுக்குப் போன் போடச் சொன்னேன். அவன் பஹ்ரைனில் ஈசா டவுனில் குடும்பத்தோடு இருக்கிறான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“ஏம்மா, ஒத்தக்குழல வச்சு நான் ஈசா டவுன்ல என்னத்தச் சுட? ஏசியையா?” என்றான். பின்னால் அவன் மனைவி சிரிப்பது கேட்டது.

“ஒங்க அய்யா ஒனக்குன்டு குடுத்ததுப்பா.”

“அண்ணே என்ன சொல்றானோ அதான்மா எனக்கும்” என்று வைத்துவிட்டான்.

பேத்தி மட்டும்தான் என்னிடம் விவரம் கேட்டாள். எட்டு வயது முடியப்போகிறது அவளுக்கு. கேள்வி இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழில் முடியும். உண்மைத் துப்பாக்கியா, கனமாக இருக்குமா, யாரைச் சுட்டீர்கள் என்று கேட்டாள். நாட்டுத் துப்பாக்கி உனக்குத்தான், முதல் பேரப்பிள்ளைக்கு என்று உன் தாத்தா சொல்லி வைத்தது என்றேன். யோசித்தாள்.

“அப்பத்தா, கன் இஸ் நாட் குட். மிஸ் சொல்லிருக்காங்க. எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க” என்றாள், சாக்லேட்டைத் திருப்பிக் கொடுப்பது போல. அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வேண்டாம் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள் ஒருத்திதான்.

கடைசியில் பெரியவன் ஒரு காகிதம் தயார் செய்தான். தகப்பனாரின் துப்பாக்கிகள் எங்களுக்குத் தேவையில்லை, அரசாங்கமே எடுத்துக்கொள்ளலாம் என்று வாரிசுகள் எழுதிக்கொடுப்பது. சின்னவன் அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். இங்கே நாங்கள் துபாயில் இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போய்ப் போட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். போடாமல் கெடு தாண்டினால் உரிமமில்லாத துப்பாக்கி என்று ஊரில் வழக்கு வரும், வழக்கு வந்தால் மூத்த மகன் பெயரில்தான் வரும், லீவில் வந்து இறங்கினதும் பிடித்துக்கொள்வார்கள் என்றான். அது மெய்யா பொய்யா என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுப் பொய் என்று தெரிந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போகிற வழியெல்லாம் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. எனக்குக் கையெழுத்து மட்டும் கோணாமல் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது என் வீட்டுக்காரர். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிவர வேண்டும். அவர் வெளியூர் போயிருந்தாலும் அந்த வேலை நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். வாங்கிவருவதற்காகக் கற்ற கையெழுத்தை அன்றைக்கு விட்டுக்கொடுப்பதற்காகப் போட்டேன். பெரியவன் முதலில், நான் அடுத்து. நல்லா போடுறீங்கம்மா என்றார் அங்கிருந்தவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேத்திக்குப் பிறந்தநாள். கேரேஜ் ஆட்கள், தொழிலாளர் கேம்பில் தங்கியிருக்கும் எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர், இரண்டு மூன்று குடும்பங்கள் வந்திருந்தார்கள். பலூன் கட்டி, பிரியாணி வரவழைத்து, வீடு கொள்ளவில்லை. நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் ஒருவருடைய மகன் பெரிய பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு டுர்ரென்று விளக்கு எரியவிட்டு எல்லாரையும் சுட்டுக்கொண்டு ஓடினான். பெரியவன் அவனை நிறுத்தி அதை வாங்கினான்.

“டேய், இப்பிடிப் பிடிச்சா தோள்பட்ட கழண்டுரும். இங்க பாரு” என்றான்.

இடது காலை முன்னால் வைத்தான். கட்டையைத் தோள்குழியில் பதித்தான். கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை நிறுத்தினான். என் வீட்டுக்காரர் நிற்கிறது போலவே இருந்தது. வயிறு மட்டும்தான் இவனுடையது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு அவன் வாய் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று துப்பாக்கி. வெள்ளைக்காரன் கொடுத்த உரிமம். ஊரில் எங்களுக்குத் துப்பாக்கி வீடு என்று பெயர். எங்கள் வெடி கேட்காமல் தேர் நகராது. அய்யா பன்றி சுட்ட கதையைச் சொன்னான். ஒற்றைக்குழலில் சுட்டதை இரட்டைக்குழல் என்று மாற்றிச் சொன்னான். இவள் பிறந்ததற்கே எங்க அய்யா வெடி வெடித்தார் என்று மகளைத் தூக்கிக் காட்டினான். கேம்புப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஜமீன் பரம்பரை மாதிரில்ல இருக்கு அண்ணே என்றான் ஒருவன்.

போடிப் பக்கத்து ஆள் ஒருவர், வயதானவர், கேட்டார். “இப்ப அதெல்லாம் எங்கப்பா இருக்கு?”

“ஊர்லதாண்ணே. அம்மாதான் பாத்துக்கிறாங்க. எனக்கப்புறம் என் மகளுக்கு” என்றான். குரலில் தடங்கலே இல்லை.

நான் சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. சத்தமும் போடவில்லை. அந்தப் போடிக்காரரைப் பார்த்துத்தான் சொன்னேன். “இருந்துச்சுங்க. போன வாரம் துபாய்க்குப் போயி வேண்டாம்ன்டு எழுதிக் குடுத்துட்டு வந்தோம். இவன் மொதக் கையெழுத்து, நான் அதுக்கப்புறம்.”

பெரியவன் பொம்மைத் துப்பாக்கியைப் பையனிடம் கொடுத்தான். பிறகு சிரித்தான். சிரித்துக்கொண்டே வலது கை விரலை நெற்றிப்பொட்டில் வைத்தான். “அம்மாவுக்கு வயசாயிருச்சுண்ணே. எங்க அய்யா போனதுல இருந்து கொஞ்சம் இப்பிடித்தான், எதையாவது சொல்லும்.”

விமானநிலையத்திலாவது விசா போய்விடும் என்ற பயம் இருந்தது. இங்கே என்ன இருந்தது? பிரியாணித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால் துப்பாக்கி வீட்டு மகனாக இருக்க வேண்டும் என்கிற ஆசை. அதற்காகவும் என் தலை சரியில்லாமல் போக வேண்டியிருந்தது. போடிக்காரர் என்னைப் பார்த்த பார்வை அந்த மலையாளப் பெண் பார்த்த பார்வைதான். ஒரு பையன் ஓடிவந்து, பாட்டி தண்ணி குடிக்கிறீங்களா என்றான். மருமகள் கேக் வெட்டக் கூப்பிட்டாள். எல்லாரும் அவசர அவசரமாகப் போனார்கள்.

மறுநாள் டிக்கெட் போடு என்றேன். விசா முடிய இன்னும் நாள் இருக்கிறதே என்றான். போடு என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. நான் எழுந்து போகும் வரை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்புகிற அன்று மருமகள் சமையலறைக்குள் கூப்பிட்டு அந்த மாத்திரை டப்பாவை என் கையில் வைத்து மூடினாள்.

“நீங்களே கொண்டுபோயிருங்க அத்தை. இங்க இருந்தா எப்பயாவது எறிஞ்சுருவோம்” என்றாள். கண் கலங்கியிருந்தாள். சரி தாயி என்றேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

டப்பாவை இடுப்பில் சேலை மடிப்பில் செருகிக்கொண்டேன். இந்தத் தடவை சக்கர நாற்காலி வேண்டாம் என்று நடந்தே போனேன். பையைப் பெட்டிக்குள் விட்டார்கள். என்னை ஒரு வாசல் வழியாக நடக்கச் சொன்னார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. போங்கம்மா என்று கையைக் காட்டினார்கள்.

ஊருக்கு வந்து வீட்டைத் திறந்து, மாடத்தைத் துடைத்தேன். தை பிறந்தபின் ஒருநாள் கடைக்காரர் போன் செய்து, நாளைக்கு எடுத்துப் போகிறார்கள், கடைசியாகப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டார். வரவில்லை என்றேன். குழலில் துரு ஏறியிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். ஒற்றைக்குழலில் லேசாக இருக்கிறது அம்மா என்றார். வேட்டிகள் அப்படியே சுற்றியிருக்கின்றனவாம். அதையாவது அனுப்பி வையுங்கள் என்றேன்.

அன்றைக்கு மாடத்திலிருந்து பெரியவனின் தோட்டாவை எடுத்தேன். மெழுகு கல்லாக இறுகியிருந்தது. கத்தி முனையால் கிண்டித் திறந்தேன். அவனுடைய கொடியை உள்ளங்கையில் தட்டி எடுத்தேன். வேப்பங்குச்சித் துண்டு மாதிரி இருந்தது. மஞ்சள் நீரில் தோட்டாவைக் கழுவித் துடைத்து, பேத்தியின் கொடியை அதற்குள் போட்டுப் புதிதாக மெழுகு வைத்து அடைத்தேன். அது அவளுக்கு வெடித்த தோட்டா இல்லை. அவளுக்கு வெடித்தது கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் தாத்தா இருந்திருந்தால் இதற்கு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்.

பெரியவனுடைய கொடியைப் பஞ்சில் சுற்றி அந்தப் பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மாடத்தில் இல்லை, அலமாரியில். லீவில் வரும்போது கொடுப்பேன். பையில் வைத்து எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும். எந்த ஏர்போர்ட்டிலும் பிடிக்கமாட்டார்கள்.